ஐஸ் ஹவுஸ் முதல் ஐஸ் ஒத்தடம் வரை

(முன்னாள் மாணவன், பி.எஸ்சி. இயற்பியல், 2007–2010)



மலர்க் குழுவிலிருந்து அண்ணன் ஒருவர் போன் செய்து, "நீ நம்ம ஏரியா பையன்தானே, ராயப்பேட்டையைப் பற்றி ஏதாவது சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்றார். "அண்ணே, நான் ஏ.சி., குளிர்பதன வேலை பார்க்கிற இன்ஜினீயர். எனக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "அப்போ ஐஸைப் பற்றி எழுது" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

விளையாட்டாகச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் விஷயம் இருக்கிறது. நம் கல்லூரி வாசலிலிருந்து கடற்கரைப் பக்கம் காலாற நடந்தால் ஐஸ் ஹவுஸ் வந்துவிடும். பஸ் கண்டக்டர் முதல் போலீஸ் ஸ்டேஷன் வரை எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே ஐஸ் எப்படி வந்தது, எதற்கு வந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அந்த ஐஸ் என் வாழ்க்கையில் இரண்டு முறை கையில் வந்தது. இரண்டு முறையும் நான் தப்பாகத்தான் பயன்படுத்தினேன். அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமையும், நிறையக் கடனும் இருக்கிறது.

மைதானத்தில் ஒரு சாயங்காலம்

2009-ஆம் வருஷம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டிபார்ட்மென்ட்டுகளுக்கு இடையே வாலிபால் போட்டி. வலைக்குப் பக்கத்தில் எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது, எதிர் டீம் பையனின் கால் மேல் என் கால் இறங்கியது. வலது கணுக்கால் 'மடக்'கென்று உள்பக்கம் மடங்கியது. ஐந்தே நிமிஷத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

பி.டி. சார் ஓடி வந்து பார்த்தார். "டேய், யாராவது ஓடிப் போய் ஐஸ் வாங்கிட்டு வாங்கடா. துணியில சுத்தி பதினஞ்சு நிமிஷம் வை. கட்டுப் போடு. காலைத் தூக்கி வெச்சு உட்காரு. இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது உனக்கு" என்றார். "இதுக்குப் பேரு ரைஸ்" என்று அவர் சொன்னதும், பக்கத்தில் இருந்தவன் "சார், சோறா சார்?" என்று கேட்டு அடி வாங்கினான்.

கடைக்காரர் கொடுத்த ஐஸ் கட்டியைத் துணி எதுவும் இல்லாமல் நேராகவே கணுக்காலில் வைத்து அழுத்தினேன். முதலில் ஜில்லென்றது. அப்புறம் எரிந்தது. அப்புறம் எலும்புக்குள் வலித்தது. கடைசியில் மரத்துப் போனது. வலியே இல்லை! "சரியாப் போச்சு" என்று நினைத்தேன். பி.டி. சார் அடுத்த மேட்ச் பக்கம் போனதும், மறுபடியும் கோர்ட்டில் இறங்கி ஒரு செட் முழுக்க ஆடினேன். ஜெயித்தோம். தோளில் தூக்கினார்கள்.

ராத்திரி வீட்டில்தான் தெரிந்தது. கால் தரையில் படவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "ஐஸையா வெச்ச? சுளுக்குக்கு யாராவது ஐஸ் வைப்பாங்களா?" என்று திட்டிக்கொண்டே புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்து, பொறுக்கிற சூட்டில் பத்துப் போட்டாள். மறுநாள் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை, தசைநார்தான் கிழிந்திருந்தது. ஆறு வாரம் நொண்டினேன். முதலில் மடங்கியதைவிட, மரத்த காலோடு ஆடியதுதான் அதிகச் சேதம் என்று டாக்டர் சொன்னார்.

யார் சொன்னது சரி? ஐஸ் என்ற பி.டி. சாரா, சூடு என்ற அம்மாவா? அந்தக் கேள்விதான் என்னைப் பல வருஷம் கழித்து ஐஸ் ஹவுஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

மரத்தூளில் சுற்றி வந்த குளிர்

நம் ஊரில் பனி பெய்யாது. உறைபனி தெரியாது. இமயமலை அடிவாரத்திலிருந்து மொகலாய அரசர்களுக்குப் பனிக்கட்டி போனது. அலகாபாத் பக்கம் குளிர்கால இரவுகளில் வைக்கோல் மேல் தட்டையான மண் சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைத்து மெல்லிய ஐஸ் எடுத்தார்கள். மதராஸுக்கு இரண்டும் இல்லை. மண்பானையும் வெட்டிவேர்த் தட்டியும்தான் நமக்குத் தெரிந்த குளிர்ச்சி. காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி. அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1783-இல் பிறந்த ஃப்ரெடரிக் டியூடர் என்பவருக்கு ஒரு விசித்திரமான யோசனை வந்தது. அவர் ஊர் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்து, வசந்த காலத்தில் சும்மா உருகிப் போகின்றன. அந்த ஐஸை வெட்டிச் சூடான நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் என்ன? 1806-இல் சுமார் 130 டன் ஐஸை மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள மார்ட்டினிக்குக்குக் கொண்டுபோனார். ஊரே சிரித்தது. அங்கே ஐஸை வைக்க இடம் இல்லை, வாங்கியவர்களுக்கு அதை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பெருத்த நஷ்டம். கடன்காரர்கள் அவரைச் சிறைக்கே அனுப்பினார்கள். மனிதர் விடவில்லை.

நஷ்டத்திலிருந்து அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஐஸ் கிடைப்பது கஷ்டமில்லை. ஐஸுக்கும் வெளியே இருக்கிற வெப்பத்துக்கும் நடுவில் எதை வைப்பது என்பதுதான் கஷ்டம். வைக்கோல், உமி என்று என்னென்னவோ போட்டுப் பார்த்து, கடைசியில் மர அறுவை மில்களில் குப்பையாகக் கிடந்த மரத்தூளுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய கூட்டாளி நதானியேல் வையெத் குதிரை பூட்டிய ஐஸ் கலப்பையைச் செய்து கொடுத்தார். அதனால் ஐஸைச் செங்கல் மாதிரி ஒரே அளவில் வெட்ட முடிந்தது. ஒரே அளவுக் கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் காற்றுப் படும் பரப்பு குறையும், உருகுவதும் குறையும்.

இயற்பியல் மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1 கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் 1 கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொதிக்கக் கொதிக்க ஏற்றிவிடும்! ஐஸுக்கு இருக்கும் இந்த 'உள்ளுறை வெப்பம்'தான் டியூடரின் முதலீடு. மரத்தூள் அதற்குக் காவல்காரன்.

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நாலு மாதம் கழித்து செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. சுமார் 100 டன் மிச்சமிருந்தது. அரசாங்கம் சுங்க வரியைத் தள்ளுபடி செய்தது. உருகாமல் இருக்க ராத்திரியில் சரக்கு இறக்க அனுமதி கொடுத்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க், டியூடரின் கூட்டாளி ரோஜர்ஸுக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார்.

அடுத்து மதராஸ். 1842-இல் நம் கடற்கரையில் வட்ட வடிவம் கலந்த அந்தக் கட்டடம் ஐஸ் கிடங்காக எழுந்தது. அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகுகள் அலையைப் பிளந்துகொண்டு போய்ச் சரக்கை இறக்கிவரும். மெரினாவின் மணல் இவ்வளவு அகலமானதே துறைமுகம் கட்டிய பிறகுதான். அன்றைக்குக் கடல் ஐஸ் ஹவுஸுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. பாஸ்டன் ஏரியின் தண்ணீர், நம் படகுக்காரர்களின் தோளும் தலையும் ஏறி, அந்தக் கிடங்குக்குள் போயிருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1854-இல் வெளியிட்ட 'வால்டன்' புத்தகத்தில், தன் ஏரியில் ஐஸ் வெட்டுவதைப் பற்றி எழுதும் இடத்தில் மதராஸ் பெயரும் வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

யாருக்குக் கிடைத்தது இந்த ஐஸ்? பெரும்பாலும் வெள்ளைக்கார துரைமார்களின் கோப்பைக்கும், பணக்காரர்களின் விருந்துக்கும்தான். நோயாளிகளுக்கும் கொஞ்சம் போனது. காய்ச்சல் கண்டவர் தலையில் ஐஸ் பை வைப்பது 19-ஆம் நூற்றாண்டு டாக்டர்களின் வழக்கமான வைத்தியம். சுமந்து வந்து இறக்கிய படகுக்காரருக்குக் கை வீங்கினால், அவருக்குப் புளிப் பத்துதான்!

வலிக்கு ஐஸ் என்று கண்டவர்கள்

குளிர் வலியை அடக்கும் என்பது டியூடர் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டஸின் பெயரில் உள்ள மருத்துவ நூல்களிலேயே வீக்கத்துக்கும் வலிக்கும் குளிர்ந்த நீர் சொல்லப்பட்டிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் செவெரினோ, கத்தி வைப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் பனியை வைத்து மரக்கச் செய்தார். 1807-இல் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, கடுங்குளிரில் நடந்த ஐலாவ் போரில் காயம்பட்ட வீரர்களின் கை கால்களை வெட்டி எடுக்க வேண்டி வந்தபோது, உறைந்த உறுப்பில் வலி குறைவாக இருந்ததைக் கண்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

இதை முறையான வைத்தியமாக்கியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆர்னாட். நொறுக்கிய ஐஸில் உப்பைக் கலந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். நம் குல்பி வண்டிக்காரர் பானையைச் சுற்றி உப்பும் ஐஸும் போடுகிறாரே, அதே தத்துவம்தான். ஆர்னாட் அந்தக் கலவையைத் தலைவலிக்கும், புற்றுநோய்க் கட்டிகளின் வலிக்கும், சிறு அறுவைகளுக்கும் பயன்படுத்தினார். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அவருடைய கருவிக்குப் பதக்கம் கிடைத்தது.

ஆனால் அதற்குள் ஈதர் வந்துவிட்டது. 1846-இல் ஈதர் மயக்க மருந்தை ஊரறியச் செய்து காட்டியதும் அதே பாஸ்டனில்தான்! ஈதரும் குளோரோஃபார்மும் வந்த வேகத்தில் ஆர்னாட்டின் உப்பு ஐஸ் பின்னால் போய்விட்டது.

டாக்டர் செய்த மெஷின்

என் தொழிலுக்கே மூலம் ஒரு டாக்டர் என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் அப்பலாச்சிகோலா ஊரில் ஜான் கோரி என்ற டாக்டர், காய்ச்சல்காரர்களின் அறையைக் குளிர்விப்பதற்காகக் கூரையிலிருந்து ஐஸ் தட்டைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். ஆனால் வடக்கிலிருந்து ஐஸ் கப்பல் வந்தால்தான் வைத்தியம். கப்பல் வராவிட்டால்? காற்றை அழுத்தி, பிறகு விரியவிட்டால் குளிரும் என்ற விதியை வைத்து, தானே ஐஸ் செய்யும் மெஷினைக் கட்டினார். 1851-இல் காப்புரிமை கிடைத்தது. முதலீடு செய்ய ஆள் கிடைக்காமல், 1855-இல் நொடித்துப்போய் இறந்தார்.

அவர் தொடங்கிய வழியில் வந்த மெஷின்கள்தான் டியூடரின் வியாபாரத்தை முடித்தன. டியூடர் 1864-இல் காலமானார். 1874-இல் மதராஸிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கி, ஐஸ் இங்கேயே தயாரானது. அப்புறம் பாஸ்டனிலிருந்து ஏன் வரவேண்டும்?

காலியான ஐஸ் கிடங்கை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வைத்து வீடாக்கினார். நீதிபதி கெர்னானின் நினைவாக 'காசில் கெர்னான்' என்று பெயர் வைத்தார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைப் பெண்களைச் சேர்த்துப் படிக்க வைத்த விடுதி அங்கே நடந்தது. 1963-இல், விவேகானந்தர் நூற்றாண்டின்போது, விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது. 1997-இல் இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்புக்கு வந்தது. கல்கத்தா, பம்பாய் ஐஸ் ஹவுஸ்கள் இன்று இல்லை. நிற்பது நம்முடையது மட்டும்தான். ஐஸ் போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பஸ் ஸ்டாப்பில் பெயர் இன்னும் உருகவில்லை!

பி.டி. சாரின் 'ரைஸ்'

இனி கணுக்காலுக்கு வருவோம். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயரத் தூக்கி வைத்தல் ஆகிய நாலுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்துச் சேர்த்து 'ரைஸ்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். 1978-இல் அவர் எழுதிய விளையாட்டு மருத்துவப் புத்தகத்தில் அது வந்தது. அங்கிருந்து உலகத்திலுள்ள எல்லா மைதானத்துக்கும் பரவி, நம் பி.டி. சார் வரை வந்து சேர்ந்தது.

அதே மிர்கின், 2014-இல், தான் சொன்னதில் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டார்! ஐஸ் வலியைக் குறைக்கும், ஆனால் குணமாவதை வேகப்படுத்தாது, தாமதப்படுத்தவும் கூடும் என்று வெளிப்படையாக எழுதினார். முப்பத்தாறு வருஷம் தன் பெயரைச் சொல்லி உலகமே செய்து வந்ததை, தானே திருத்திச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்!

காரணம் இதுதான். அடிபட்ட இடத்தில் வீங்குவதும் சிவப்பதும் உடம்பு அனுப்பும் ரிப்பேர் பார்ட்டியின் அடையாளம். கிழிந்த திசுவைச் சுத்தம் செய்யும் அணுக்கள் ரத்தத்தில்தான் வரவேண்டும். ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய் சுருங்குகிறது, அவை வருவது குறைகிறது. அதே சமயம் நரம்பில் செய்தி போகும் வேகமும் குறைகிறது, அதனால் வலி தெரிவதில்லை. அதாவது ஐஸ் ரிப்பேர் செய்வதில்லை. அலாரம் சத்தத்தைக் குறைக்கிறது. அலாரம் நின்றதும் 'நெருப்பு அணைந்துவிட்டது' என்று நினைத்து நான் கோர்ட்டில் இறங்கினேன்.

2019-இல் கனடா நாட்டுப் பிசியோதெரபி நிபுணர்கள் இருவர் முன்வைத்த புதிய முறையில் ஐஸுக்கு இடமே இல்லை. முதல் சில நாள் பாதுகாப்பு, கட்டு, பிறகு வலி பொறுத்து மெல்ல மெல்ல நடமாட்டம் என்கிறார்கள். எல்லா டாக்டர்களும் ஐஸை விட்டுவிடவில்லை. வலி தாங்க முடியாத முதல் ஒன்றிரண்டு நாளுக்குக் கொஞ்ச நேரம் வைக்கலாம் என்பவர்கள் நிறைய. ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கும் ஒரு செய்தி: எடை தூக்கிய உடனே ஐஸ் தொட்டியில் உட்காருவதை வழக்கமாக்கினால் தசை வளர்ச்சி குறையும் என்று 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

அப்படியானால் அம்மா சொன்ன சூடுதான் சரியா? அடிபட்ட அன்றே சூடு வைத்தால் வீக்கம் ஏறும். சில நாள் கழித்து, இறுக்கம் விட, சூடு சுகம் கொடுக்கும். பி.டி. சாரும் சரி, அம்மாவும் சரி. நேரம்தான் வேறு. இரண்டு பேர் பேச்சையும் பாதி கேட்ட நான்தான் தப்பு.

ஒரு டிபன் பாக்ஸ் ஐஸ்

இரண்டாவது முறை நடந்ததைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

பி.எஸ்சி. முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. படித்து, ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயராகச் சேர்ந்த முதல் வருஷம். நைட் ஷிஃப்ட். விடிகாலை மூன்று மணி இருக்கும். பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்த அண்ணன் ஒருவரின் இடதுகை ஆள்காட்டி விரல் துண்டாகிவிட்டது. எல்லோரும் உறைந்து நின்றார்கள். எனக்கு எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது: 'வெட்டுப்பட்ட விரலை ஐஸில் வைத்தால் ஒட்ட வைக்கலாம்.' கேன்டீனுக்கு ஓடினேன். ஃப்ரீசரிலிருந்த ஐஸை யாருடையதோ டிபன் பாக்ஸில் கொட்டி, விரலை அதன் நடுவில் வைத்து மூடினேன். வேனில் அவரோடு உட்கார்ந்து போனேன். "பயப்படாதீங்க அண்ணே, ஐஸ்ல வெச்சிருக்கேன், ஒட்டிடலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் பாக்ஸைத் திறந்தார். விரல் வெளுத்து, ஒரு பக்கம் கல் மாதிரி விறைத்து, மறு பக்கம் உருகின தண்ணீரில் ஊறியிருந்தது. "ஐஸ் நேரா படக்கூடாதுப்பா" என்றார். நான் எதுவும் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிரஸ்ல நசுங்கின விரல், எப்படியும் ஒட்டறது கஷ்டம்தான். ஆனா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த "ஆனா" இன்னும் என்னிடம் இருக்கிறது.

உள்ளுறை வெப்பம் படித்தவன் நான். ஃப்ரீசர் ஐஸ் மைனஸ் 18 டிகிரி, உருகும் ஐஸ் 0 டிகிரி என்று தெரிந்தவன். திசுவுக்குள் தண்ணீர் உறைந்தால் அணு உடையும் என்பதை யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1962 மே 23 அன்று, பாஸ்டனை ஒட்டிய சோமர்வில்லில், எவரெட் நோல்ஸ் என்ற 12 வயதுப் பையன் ரயிலில் அடிபட்டு, வலது கை தோளருகே துண்டானது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரொனால்ட் மால்ட் தலைமையிலான டாக்டர்கள் அந்தக் கையை ஐஸில் குளிர்வித்துக் காத்து, ஒட்ட வைத்தார்கள். முழுதாகத் துண்டான கை ஒன்றை வெற்றிகரமாக ஒட்டிய முதல் அறுவை அதுதான். நூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் நம் ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ் அனுப்பிய அதே வட்டாரம்! நம் சென்னையிலும் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை நிலையம், மெஷினில் கை கொடுத்த எத்தனையோ தொழிலாளிகளுக்குக் கை கொடுத்திருக்கிறது.

நடுவில் இருப்பது

டியூடரின் கதையைப் படிக்கும்போது என் டிபன் பாக்ஸ் கண்முன் வந்தது. அவர் ஐஸை மரத்தூளில் சுற்றினார், அதனால் அது பூமியைப் பாதி சுற்றி வந்தும் பிழைத்தது. நான் விரலுக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. கணுக்காலுக்கும் வைக்கவில்லை. வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடந்து போகவேண்டும் என்பதை நடுவில் இருக்கும் பொருள்தான் தீர்மானிக்கிறது. ஒரு கைக்குட்டை போதும், ஐஸ் மருந்தாக. அது இல்லாவிட்டால் அதே ஐஸ் தீக்காயம் போலச் சுட்டுவிடும்.

ஆகவே, படிப்பவர்கள் மனசில் வைத்துக்கொள்ள நாலு விஷயம்:

சுளுக்கு, அடி என்றால் உருகத் தொடங்கிய ஐஸை ஈரத்துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிஷம். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். மரத்த காலோடு ஆடக்கூடாது. கால் ஊன்ற முடியாவிட்டால் டாக்டரிடம் போகவேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஐஸ் வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

தீக்காயத்துக்கு ஐஸ் கூடாது. சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிட வேண்டும். பாம்புக் கடிக்கும் ஐஸ் வைக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

கத்திரி வெயிலில் ஒருவர் உடம்பு கொதித்து, நினைவு தப்பினால், அங்கே தயக்கம் வேண்டாம். நிழலுக்கு இழுத்து, தண்ணீர் ஊற்றி, விசிறி, கிடைத்த ஐஸை ஈரத்துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, குளிர்வித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் உயிரையே காக்கும் இடம் அது.

துண்டான விரலை மெல்லக் கழுவி, சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்கவேண்டும். விரல் ஐஸைத் தொடக்கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. இந்த ஒரு பத்தியை மட்டும் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டினால், எனக்கு அதுவே பெரிய மரியாதை. நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் ஃப்ரீசர் கதவிலேயே ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் சுத்தமான துணியும் பையும் ஆணியில் தொங்குகின்றன.

அந்த அண்ணன் இன்றும் போனில் பேசுவார். ஸ்டோர்ஸ் வேலைக்கு மாற்றிக்கொண்டார். போன தீபாவளிக்குப் பேசியபோது, அன்று நடந்ததைப் பற்றி நானாக ஆரம்பித்தேன். "விடுங்க சார், பழைய கதை. உங்க பையன் எத்தனாவது படிக்கிறான்?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

நண்பர்களே, மலர் கையில் கிடைத்ததும் ஒரு சாயங்காலம் ஐஸ் ஹவுஸ் பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். ஜாம் பஜார் வழியாகப் போனால், மீன்கடை வாசலில் சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பார் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். பாஸ்டனிலிருந்து நாலு மாதம் பயணப்பட்டு வந்த பொருள், இன்று நம் எல்லோர் வீட்டு ஃப்ரிட்ஜிலும் சும்மா கிடக்கிறது. அன்று படகுக்காரருக்குக் கிடைக்காத மருந்து இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. எப்படி வைப்பது என்பதையும் எல்லோருக்கும் தெரியச் செய்துவிட்டால் போதும்.

அடுத்த சந்திப்பில் பார்ப்போம். வாலிபால் போட்டி இருந்தால் கூப்பிடுங்கள். ஸ்கோர் போர்டு பார்த்துக்கொள்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!